வெட்டின ஓரத்துக்கு அடுத்து என்ன வேலை?

கோவையில் எந்த கட்டிங் ஷாப்புக்குப் போன் போட்டாலும் வாடிக்கையாளரின் முதல் கேள்வி இதுவாகத்தான் இருக்கும்: "மீட்டர் எவ்வளவுங்ண்ணா?" தகடு என்ன, தடிமன் என்ன, எத்தனை பீஸ் என்பதெல்லாம் பிறகு. நான் ரேட் சொல்வதற்கு முன்னால் திருப்பி ஒன்று கேட்பேன். "வெட்டின ஓரத்துக்கு அடுத்து என்ன வேலைங்க?" வெல்டிங்கா, துளையில் டாப் போட்டு மரை வெட்டுவார்களா, பவுடர் கோட்டிங்குக்குப் போகுமா, இல்லை மெஷினுக்குள் யார் கண்ணிலும் படாமல் உட்காருமா? பாதிப் பேருக்கு இந்தக் கேள்வி பிடிக்காது. "ட்ராயிங் அனுப்பிட்டனுங்க, அதே மாதிரி வெட்டிக் குடுங்க, போதும்" என்பார்கள். வெட்டிக் கொடுக்கலாம். ட்ராயிங்கில் வடிவம் இருக்கிறது, அளவு இருக்கிறது. ஓரம் எப்படி வர வேண்டும் என்று மட்டும் யாரும் எழுதுவதில்லை. பிளாஸ்மா, லேசர், வாட்டர்ஜெட் மூன்றிலும் அதே வடிவம் கிடைக்கும். அதே ஓரம் கிடைக்காது.

நான் தொழிலுக்கு வந்த காலத்தில் கணபதி, சின்னவேடம்பட்டிப் பட்டறைகளில் கட்டிங் என்றால் கேஸ் கட்டிங். ஆக்சிஜன் சிலிண்டர் ஒன்று, அசிட்டிலின் அல்லது எல்.பி.ஜி. ஒன்று, ஒரு டார்ச். தகட்டைச் சிவக்கக் காய்ச்சி அதன் மேல் ஆக்சிஜனைப் பாய்ச்சினால் இரும்பு தானாக எரிந்து வழிவிடும். எரியும் இரும்புக்குத்தான் அந்த வித்தை பலிக்கும். எஸ்.எஸ். எனும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகட்டில் குரோமியம் ஆக்சைடு தோல் போலப் படிந்துவிடும். அது உருக, அடியிலிருக்கும் ஸ்டீலைவிட அதிகச் சூடு வேண்டும். ஆக்சிஜன் உள்ளே போக முடியாமல் மேலேயே நின்றுவிடும். அலுமினியத்திலும் அதே கதை. ஆனாலும் கேஸ் டார்ச்சை நாங்கள் தூக்கிப் போடவில்லை. 60, 80 மி.மீ. எம்.எஸ்., அதாவது மைல்ட் ஸ்டீல், பிளேட் வந்தால் இன்றைக்கும் அதைத்தான் எடுக்கிறோம். அந்தத் தடிமனில் காசுக்கு அதை மிஞ்ச ஆளில்லை.

எஸ்.எஸ்ஸையும் அலுமினியத்தையும் வெட்டத்தான் பிளாஸ்மா வந்தது. அமெரிக்காவில் யூனியன் கார்பைடின் லிண்டே பிரிவில் இருந்த ராபர்ட் கேஜ் 1955இல் அதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார், 1957இல் கிடைத்தது. டிக் வெல்டிங்கின் ஆர்க்கை ஒரு சின்னத் துளை வழியாகப் பிழிந்துவிட்டால், அது ஒட்டுகிற வேலையை விட்டுவிட்டு உலோகத்தை உருக்கி ஊதித் தள்ள ஆரம்பிக்கிறது. ஆர்க்கின் நடுவில் சூடு 20,000 டிகிரி செல்சியஸைத் தாண்டும். மின்சாரம் பாயும் எதையும் வெட்டும். துரு, பெயின்ட், லேசான மேடு பள்ளம் எதற்கும் முகம் சுளிக்காது. பழைய ஸ்டாக் பிளேட்டை மழையில் போட்டு வைத்திருந்து கொண்டு வருகிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய உபகாரம் என்பது லேசர் வாங்கிய பிறகுதான் தெரியும்.

பிளாஸ்மா ஆபரேட்டரின் பொழுது ஒரு செப்பு எலெக்ட்ரோடைச் சுற்றி ஓடும். அதன் முனையில் கடுகளவு ஹாஃப்னியம் பதித்திருப்பார்கள். ஆக்சிஜனுக்குள் நின்று அந்த ஆர்க்கைத் தாங்கும் தெம்பு அதற்கு உண்டு. ஆனாலும் ஒவ்வொரு முறை ஆர்க் பற்றி அணையும்போதும் துளி துளியாகக் கரையும். ஆக, எத்தனை நேரம் வெட்டினோம் என்பதைவிட எத்தனை தடவை துளைத்துத் தொடங்கினோம் என்பதுதான் அதன் ஆயுள் கணக்கு. குழி சுமார் 1 மி.மீ. ஆழம் போனால் மாற்றிவிட வேண்டும். அதை அளக்க கேஜ் இருக்கிறது. பழைய ஆட்கள் எடுப்பதில்லை. கறுப்புக் கண்ணாடி வழியாக ஆர்க்கைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். ஒரு பச்சைச் சாயல் எட்டிப் பார்த்தால் ஹாஃப்னியம் தீர்ந்து செம்பு எரிகிறது என்று அர்த்தம். அந்த நொடியில் நிறுத்தினால் எலெக்ட்ரோடு மட்டும் போகும். இன்னும் ஒரு பீஸ் ஆகட்டும் என்று விட்டால் நாசிலும் போகும், சில சமயம் டார்ச்சே போகும். பிளாஸ்மா வெட்டுக்கூலியைக் குறைத்துச் சொல்கிற கடைகளில் பெரும்பாலும் நடப்பது இதுதான்: செத்துப்போன எலெக்ட்ரோடை இழுத்துப் பிடித்து ஓட்டுவது. ஓரம் சாய்ந்து வரும், அடியில் கட்டி கட்டியாக ஸ்லாக் தொங்கும், பழி பிளாஸ்மா மேல் விழும்.

சாய்வைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். டார்ச்சுக்குள் வாயு சுழன்றபடி இறங்குகிறது. சாதாரண சுழல் வளையத்தில் டார்ச் போகும் திசைக்கு வலப்பக்க ஓரம் ஏறக்குறைய நேராக வரும், இடப்பக்கம் சாயும். அதனால் வெளி வடிவத்தைக் கடிகாரச் சுற்றில் ஓட்ட வேண்டும், உள்ளே இருக்கும் துளையை எதிர்ச்சுற்றில். அப்போது நல்ல ஓரம் பீஸோடு தங்கும், கெட்ட ஓரம் ஸ்கிராப்போடு போகும். காலேஜ் முடித்து லேசரில் நெஸ்டிங், அதாவது ஷீட்டில் பீஸ்களை அடுக்கும் வேலை, பழகிவிட்டு வரும் தம்பிகளுக்கு இது தெரிவதில்லை. லேசருக்கு எந்தத் திசையும் ஒன்றுதான். அதே பழக்கத்தில் பிளாஸ்மாவுக்கு புரோகிராம் போட்டால் ஒரு ஷீட் ஃபிளேஞ்சும் கூம்பு கூம்பாக வந்து நிற்கும். "மெஷின் அலைன்மென்ட் போயிருச்சுங்ண்ணா" என்று சர்வீஸுக்குப் போன் பண்ணுவார்கள்.

ஸ்லாக்கிலும் இரண்டு ரகம் உண்டு. மெதுவாக ஓட்டினால் தடியாக, நுரை போலக் கட்டும். சுத்தியலால் தட்டினால் மொத்தமாக விழும். வேகமாக ஓட்டினால் மெல்லிய கோடாக ஒட்டிக்கொள்ளும். கிரைண்டர் இல்லாமல் வராது. பார்க்க இரண்டாவது சின்னதாகத் தெரியும், செலவு அதில்தான். நடுவில் ஒரு வேகம் இருக்கிறது, ஸ்லாக்கே ஒட்டாத வேகம். அதைத் தகட்டுக்கு அடியில் பறக்கும் பொறியைப் பார்த்துத்தான் பிடிக்க வேண்டும்.

காற்றை வைத்து வெட்டும் பிளாஸ்மாவில் கண்ணுக்குத் தெரியாத ஒரு சிக்கல் உண்டு. காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். அது உருகிய ஓரத்துக்குள் இறங்கி ஒரு கடினமான தோலை உண்டாக்கிவிடும். அந்தத் துளையில் டாப் விட்டால் முதல் சுற்றிலேயே 'டிக்' என்று ஒடியும். அந்த ஓரத்தை அப்படியே வெல்டிங் போட்டால் உள்ளே ஊசித்துளைகள். பம்ப் பேஸ்பிளேட் செய்யும் ஒருவர் டாப் ஒடிகிறது என்று டாப் கம்பெனியை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். காரணம் டாப்பில் இல்லை. அவருக்கு வெட்டிக் கொடுத்த இடத்தில் காற்றுக்குப் பதில் ஆக்சிஜன் பிளாஸ்மா போட்டிருந்தாலோ, ஓரத்தை ஒரு மில்லி கிரைண்ட் பண்ணியிருந்தாலோ சரியாகியிருக்கும். இதனால்தான் அந்தக் கேள்வி கேட்கிறேன். டாப் போடும் துளை என்று தெரிந்தால் பிளாஸ்மாவில் வெறும் சென்டர் புள்ளி மட்டும் போட்டுக் கொடுப்பேன், ட்ரில்லிங்கில் அடித்துக்கொள்ளட்டும்.

லேசருக்கு வருவோம். 1960இல் தியோடர் மைமான் முதல் லேசரை ஒளிரவைத்தார். ஆனால் தகடு வெட்டும் தொழிலுக்கு முக்கியமான ஆள் குமார் படேல். மகாராஷ்டிரத்தின் பாராமதியில் பிறந்து, பூனாவில் என்ஜினியரிங் படித்து, அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்துக்குப் போனவர். 1964இல் அங்கேதான் கார்பன் டை ஆக்சைடு லேசரைக் கண்டுபிடித்தார். மூன்று வருடம் கழித்து இங்கிலாந்தின் வெல்டிங் ஆய்வு நிறுவனத்தில் பீட்டர் ஹூல்ட்கிராஃப்ட் அந்தக் கதிரோடு சேர்த்து ஆக்சிஜனையும் ஊதிப் பார்த்தார். ஸ்டீல் தகடு வெட்டுப்பட்டது. கேஸ் கட்டிங்கின் பழைய தந்திரம்தான், நெருப்புக்குப் பதில் ஒளி. இன்றைக்கும் எம்.எஸ். தகட்டை ஆக்சிஜனில் லேசர் வெட்டும்போது வெட்டுகிற சக்தியில் கணிசமான பங்கு இரும்பு எரிவதிலிருந்து வருகிறது.

முதலில் நான் பழகிய லேசர் சி.ஓ.டூ. மெஷின். ஹீலியம், நைட்ரஜன், கார்பன் டை ஆக்சைடு கலவை, கண்ணாடி மேல் கண்ணாடியாகக் கதிரைத் திருப்பிவிடும் பாதை, அதை மூடிய தோல் மடிப்புக் குழாய், பக்கத்தில் ஒரு அறை அளவுக்குச் சில்லர். உள்ளே போகும் மின்சாரத்தில் பத்தில் ஒரு பங்குதான் ஒளியாக வெளியே வரும். 2008க்குப் பிந்தைய மின்வெட்டுக் காலத்தில் அதை ஜெனரேட்டரில் ஓட்டிய முதலாளிகளின் டீசல் பில்லை நினைத்தால் இப்போதும் பாவமாக இருக்கிறது. ஃபைபர் லேசர் அந்தத் தொல்லைகளைத் தீர்த்தது. கண்ணாடி கிடையாது, கதிர் ஒரு கேபிளுக்குள்ளே வருகிறது. மின்சாரத்தில் மூன்றில் ஒரு பங்காவது ஒளியாகும். அலைநீளமும் பத்தில் ஒன்றாகச் சுருங்கிவிட்டது: அங்கே 10.6 மைக்ரான், இங்கே 1.07. செம்பும் பித்தளையும் பழைய கதிரை முகத்தில் அடித்துத் திருப்பி அனுப்பும். புதியதை ஓரளவு விழுங்கிக்கொள்ளும். டிரான்ஸ்ஃபார்மர், பேனல் போர்டு வேலைக்கு பஸ்பார் வெட்டுகிறவர்கள் ஃபைபருக்கு மாறியது அதனால்தான்.

மெல்லிய தகட்டில் லேசருக்கு நிகர் இல்லை, அதில் விவாதத்துக்கு இடமில்லை. 3 மி.மீ. எஸ்.எஸ்ஸை நைட்ரஜனில் வெட்டினால் ஓரம் வெள்ளி மாதிரி வரும், கையில் எடுத்து நேராக அசெம்பிளிக்குப் போகலாம். வெட்டுக்கோடு கால் மி.மீ. கூட இருக்காது. ஆனால் அந்த ஓரம் தானாக வருவதில்லை. காலையில் மெஷினை ஆன் பண்ணியதும் எங்கள் ஆபரேட்டர் செய்கிற முதல் காரியம் நாசிலின் வாயில் ஒரு துண்டு செல்லோடேப்பை ஒட்டி, ஒரு பொட்டு கதிரைச் சுடுவது. பிறகு டேப்பைப் பிரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். நாசிலின் வட்டம் டேப்பில் பதிந்திருக்கும். உள்ளே ஒரு ஊசித்துளை. துளை வட்டத்தின் நடுவில் இல்லாவிட்டால் குட்டி அலென் கீயை எடுத்து லென்ஸ் திருகைக் கொஞ்சம் திருப்பி, புது டேப் ஒட்டி, மறுபடியும் சுடுவார். நடுப்புள்ளி கொஞ்சம் தவறினாலும் ஒரு பக்கம் நல்ல ஓரமும் எதிர்ப்பக்கம் பிசிறும் வரும். கோடி ரூபாய் மெஷினுக்கு அஞ்சு ரூபாய் டேப்தான் வைத்தியர்.

லேசரில் வாடிக்கையாளர் ஏமாறுவது பெயின்ட் விஷயத்தில். ஆக்சிஜனில் வெட்டிய எம்.எஸ். ஓரத்தில் நீலக் கறுப்பாக ஒரு ஆக்சைடு படலம் இருக்கும். பார்க்க அழகாக இருக்கும், விரலால் தடவினால் வழவழப்பு. அதன் மேல் பவுடர் கோட்டிங் போட்டால் கோட்டிங் படலத்தைப் பிடித்துக்கொள்ளும். படலம் தகட்டைப் பிடிக்காது. சில மாதம் கழித்து ஓரம் மட்டும் உரிந்து கீழே துரு கிளம்பும். வெளியில் வைக்கிற கேட், பேனல், ஏசி ஸ்டாண்டு எல்லாவற்றிலும் இதைப் பார்க்கலாம். கோட்டிங் வேலை என்று முன்னாலேயே சொன்னால் நைட்ரஜனில் வெட்டலாம், அல்லது ஓரத்தைத் தேய்த்துவிட்டு அனுப்பலாம். இரண்டுக்கும் கூடுதல் காசு. அப்போது "பக்கத்துக் கடையில கம்மிங்களே" என்பார்கள். கம்மிதான். இப்போது நிறையக் கடைகளில் நைட்ரஜனுக்குப் பதில் உயர் அழுத்தக் காற்றைப் போட்டு வெட்டுகிறார்கள். மெல்லிய தகட்டுக்கு நன்றாகவே போகிறது. கம்ப்ரஸரிலிருந்து துளி எண்ணெயோ ஈரமோ வந்தால் பாதுகாப்புக் கண்ணாடி புகைந்து, அதற்குப் பின்னால் இருக்கும் லென்ஸும் போய்விடும். மிச்சம் பிடித்த காசு முழுவதும் அந்த ஒரு லென்ஸில் போகும்.

ஆக்சிஜனை நம்பிய தொழில் எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறது என்பதை 2021 காட்டியது. கொரோனா இரண்டாம் அலையில் ஏப்ரல் 22 முதல், விலக்குப் பெற்ற சில துறைகள் தவிர மற்ற ஆலைகளுக்கு ஆக்சிஜன் கொடுக்கக் கூடாது என்று மத்திய அரசு உத்தரவு போட்டது. சரியான உத்தரவு, மருத்துவமனை வாசலில் மனிதர்கள் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தார்கள். கடையில் இருந்த சிலிண்டர்களைக் கேட்டு வந்தார்கள், கொடுத்தோம். கேஸ் கட்டிங் நின்றது, தடிமனான எம்.எஸ்ஸுக்கு லேசர் நின்றது. காற்று பிளாஸ்மாவும் வாட்டர்ஜெட்டும் ஊரடங்கு வந்து ஷட்டரை இறக்கும் வரை ஓடின.

வேகத்தைப் பற்றி ஒரு கணக்கு. 12 மி.மீ. எம்.எஸ். பிளேட்டை எடுத்துக்கொள்வோம். 130 ஆம்ப் ஆக்சிஜன் பிளாஸ்மா நிமிடத்துக்கு 2 மீட்டருக்குக் குறையாமல் போகும். 3 கிலோவாட் ஃபைபர் லேசர் 1 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. வாட்டர்ஜெட் நல்ல ஓரத்தோடு சுமார் 20 சென்டிமீட்டர். இந்த மூன்று எண்ணையும் வைத்து மீட்டர் ரேட் போட்டால் பிளாஸ்மாதான் ஜெயிக்கும், வாட்டர்ஜெட் பக்கம் யாரும் தலைவைத்துப் படுக்க மாட்டார்கள். ஆனால் மூன்று பீஸையும் என் மேசையில் பக்கம் பக்கமாக வைத்திருக்கிறேன், வருகிறவர்கள் தொட்டுப் பார்க்க. பிளாஸ்மா பீஸின் மேல் விளிம்பு லேசாக உருண்டிருக்கிறது, பக்கவாட்டில் பின்னோக்கி வளைந்த கோடுகள், அடியில் நகத்தில் மாட்டும் சின்ன மணிகள். லேசர் பீஸில் மேல் மூன்றில் ஒரு பங்கு மெல்லிய செங்குத்துக் கோடுகள், கீழே போகப் போகக் கரடுமுரடு, விளிம்பு மட்டும் கத்தி மாதிரி. வாட்டர்ஜெட் பீஸ் மணல் ஊதினது போல மங்கலான சாம்பல்; பளபளப்பு இல்லை, கறுப்பும் இல்லை, தகட்டின் சொந்த நிறம். முதல் பீஸுக்கு கிரைண்டிங் ஆள் கூலி சேர்த்துப் பாருங்கள். இரண்டாவதில் 12 மி.மீ. தகட்டில் 8 மி.மீ. துளை கேட்டிருந்தால் அதுவும் வந்திருக்கும். பிளாஸ்மாவில் தகட்டின் தடிமனுக்குக் குறைந்த விட்டத்தில் துளை கேட்டால் நம்பி பியரிங் உட்கார வைக்க முடியாது. வெல்டிங்கில் மறைகிற கஸெட் பிளேட் என்றால் இதெல்லாம் வீண் பேச்சு. பிளாஸ்மாவில் வெட்டி, தட்டி, அனுப்பிவிடலாம். கோவையில் இன்றைக்கு லேசரில் வெட்டுகிற கஸெட் பிளேட்களில் பெரும்பகுதி வீண் பகட்டு என்பது என் அபிப்பிராயம்.

வாட்டர்ஜெட் தண்ணீரால் வெட்டுகிறது என்று சொல்வது பாதிதான் சரி. வெறும் தண்ணீர் ரப்பரையும் ஃபோமையும் கேஸ்கெட் ஷீட்டையும் வெட்டும். 1950களில் நார்மன் ஃபிரான்ஸ் என்ற வனவியல் பொறியாளர் மரத்தை வெட்டத்தான் உயர் அழுத்தத் தண்ணீரைச் சோதித்தார். உலோகமும் கல்லும் வெட்டுப்பட்டது, 1979இல் முகமது ஹஷீஷ் அமெரிக்காவின் ஃப்ளோ நிறுவனத்தில் தண்ணீர்த் தாரைக்குள் மணலைச் சேர்க்கும் வழியைக் கண்ட பிறகு. பம்ப் 4,000 பார் அழுத்தத்தில் தள்ளுகிறது. கால் மி.மீ.யை ஒட்டிய துளை உள்ள மாணிக்கக் கல் அல்லது வைரத்தின் வழியே தண்ணீர் வினாடிக்கு 800 மீட்டருக்கு மேல் வேகத்தில் சீறுகிறது, ஒலியைவிட இரண்டு மடங்குக்கு மேல். அந்த வேகம் உண்டாக்கும் வெற்றிடம் பக்கத்துக் குழாயிலிருந்து கார்னெட் மணலை உறிஞ்சிக்கொள்ளும். வெட்டுவது மணல், தண்ணீர் அதைச் சுமந்துபோகும் வண்டி.

அந்த மணல் எங்கள் மாநிலத்துச் சரக்கு. திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரிக் கடற்கரையில் அலை ஒதுக்கும் செம்மணலில் இருக்கும் கார்னெட் உலகம் முழுக்க வாட்டர்ஜெட் மெஷின்களுக்குப் போய்க்கொண்டிருந்தது. 2013இல் தமிழக அரசு முதலில் தூத்துக்குடியிலும் பிறகு மற்ற மாவட்டங்களிலும் தாது மணல் எடுக்கத் தடை போட்டது. கடற்கரை ஊர்க்காரர்கள் வருடக்கணக்காகச் சொல்லிவந்த புகார்களுக்குப் பிறகு வந்த தடை. அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் இந்தத் தொழிலில் அடி பலமாகவே விழுந்தது. நல்ல 80 மெஷ் மணலுக்கு ஆஸ்திரேலியாவைப் பார்க்க வேண்டியதாயிற்று, இல்லாவிட்டால் பையில் என்ன கலந்திருக்கிறது என்று தெரியாத சரக்கை வாங்க வேண்டும். ஒரு கட்டிங் ஹெட் நிமிடத்துக்கு 300, 400 கிராம் சாப்பிடும். ஒரு மணி நேரத்துக்கு 20 கிலோவுக்குக் கிட்ட. வாட்டர்ஜெட் கூலியில் மின்சாரத்தைவிட, ஆளைவிடப் பெரிய செலவு மணல்தான். கலப்படப் பையில் பெரிய கல் ஒன்று வந்தால் ஹெட்டின் கார்பைடு குழாய் அடைத்து, தண்ணீர் பின்வாங்கி, மணல் லைன் முழுக்கச் சேறாகும். கழற்றிக் கழுவி மாட்டுவதற்குள் ஷிப்ட் முடிந்துவிடும்.

தண்ணீரும் எளிதில்லை. சிறுவாணி குடித்து வளர்ந்த ஊர் போர்த் தண்ணீரைக் குறைசொல்வது வழக்கம். இந்த மெஷின் இன்னும் ஒரு படி மேல். கடினத் தண்ணீரின் உப்பு மாணிக்கத் துளையின் விளிம்பில் படிந்தால் தாரை சிதறும், ஓரம் அகலமாகும். ஆர்.ஓ. வைக்காமல் ஓட்டுகிறவர்கள் கல் மாற்றியே ஓய்வார்கள்.

இந்த மெஷினிடம் எனக்குப் பயம் உண்டு, மற்ற இரண்டிடம் இருப்பதைவிட அதிகமாக. பிளாஸ்மா வெளிச்சத்திலும் சத்தத்திலும் தன்னை அறிவித்துக்கொள்ளும். லேசரைச் சுற்றிக் கூண்டு கட்டியிருக்கும். வாட்டர்ஜெட்டின் தாரை ஒரு கையைத் தொட்டால் வெளியே ஒரு புள்ளிதான் தெரியும். ரத்தம்கூட அதிகம் வராது. உள்ளே தண்ணீரும் மணலும் தொட்டியின் கிருமியும் தசைக்குள் நெடுக ஓடியிருக்கும். பிளாஸ்திரி ஒட்டி அனுப்பினால் விரலோ கையோ போகும். உடனே சர்ஜன் திறந்து பார்க்க வேண்டிய காயம் அது. எங்கள் ஆட்கள் சட்டைப்பையில் ஒரு லேமினேட் அட்டை வைத்திருப்பார்கள். அதில் என்ன அழுத்தம், என்ன மணல், என்ன மாதிரிக் காயம் என்று டாக்டருக்கு எழுதியிருக்கும். ஆஸ்பத்திரியில் முதலில் பார்க்கிறவர் "சின்னக் காயம்தானே" என்று சொல்லிவிடக் கூடாது என்பதற்காக.

பிறகு எதற்கு இந்த மெஷின்? சூடு இல்லை என்பதற்காக. கிரஷருக்கும் டிப்பருக்கும் போடும் ஹார்டாக்ஸ் போன்ற தேய்மானத் தகடுகள் சூடாக்கிக் குளிரவைத்துக் கடினமாக்கப்பட்டவை. 250 டிகிரிக்கு மேல் போனால் அந்தக் கடினம் இளகத் தொடங்கும். கேஸ் கட்டிங்கில் ஓரத்திலிருந்து நெடுந்தூரம் இளகும், பிளாஸ்மாவில் அதைவிடக் குறைவு, லேசரில் இன்னும் குறைவு. வாட்டர்ஜெட்டில் இல்லவே இல்லை. சின்ன பீஸாக இருந்தால் இது இன்னும் மோசம். சூடு போக இடமில்லாமல் பீஸ் முழுவதும் இளகிவிடும். கார்பன் ஃபைபர், கிரானைட், கண்ணாடி, செம்பும் ரப்பரும் ஒட்டிய அடுக்குத் தகடு என்று மற்ற இரண்டும் கைவிரிக்கிற சரக்கெல்லாம் இங்கேதான் வரும். டஃபன் பண்ணிய கண்ணாடி மட்டும் ஆகாது. தாரை தொட்டதும் முழுக் கண்ணாடியும் பொடிப்பொடியாகும். வெட்டிவிட்டுத்தான் டஃபனிங்குக்கு அனுப்ப வேண்டும். இதை இன்டீரியர் காண்ட்ராக்டர்களிடம் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. அடுக்குத் தகட்டில் துளைக்கும்போதும் கவனம் வேண்டும். மணல் வருவதற்கு முன்னால் தண்ணீர் மட்டும் அடித்தால் அடுக்குகளுக்கு நடுவே புகுந்து பிரித்துவிடும். அதனால் குறைந்த அழுத்தத்தில், மணல் ஓடத் தொடங்கிய பிறகு இறங்குவோம்.

இப்போது 12, 20, 30 கிலோவாட் ஃபைபர் லேசர்கள் வந்துவிட்டன. 3 கிலோவாட்டில் தட்டுத்தடுமாறிய 20 மி.மீ. பிளேட்டை அவை ஓட்டமாக ஓடி வெட்டுகின்றன, ஓரமும் நேராக வருகிறது. சிட்கோ தொழிற்பேட்டையில் ரெண்டு பேர் பிளாஸ்மா டேபிளை விற்றுவிட்டு அந்தப் பக்கம் போய்விட்டார்கள். "நீங்களும் குடுத்துருங்ண்ணா, இன்னும் ரெண்டு வருசத்துல ஸ்கிராப் விலைதான்" என்கிறார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் பெரிய லேசருக்குக் கேட்கிற கடன் தவணையை அடைக்க மாதம் முழுக்க அது ஓட வேண்டும். ஓட்ட வேண்டுமானால் கஸெட் பிளேட்டையும் கம்பி வேலி பேஸ்பிளேட்டையும் லேசரில் போட வேண்டும். அவற்றுக்கு அந்த ஓரம் தேவையில்லை, அந்தக் காசும் வராது. தவிர அந்த மெஷினுக்குச் சுத்தமான, தட்டையான, லேசர் கிரேடு தகடு வேண்டும். என்னிடம் வருகிற 25 மி.மீ. பிளேட்டில் பாதி எங்கோ பழைய ஷெட் இடித்த இடத்திலிருந்து வருகிறது, மேலே பெயின்ட், கீழே துரு, நடுவில் வளைவு.

இந்த வாரம் குவாரிக்காரர் ஒருவர் ஜல்லடைத் தகடு கேட்டு வந்தார். 20 மி.மீ. தேய்மானத் தகடு, நூற்றுக்கணக்கில் துளை. "மொத்தமா லேசர்ல போட்டுருங்க" என்றார். துளையின் ஓரத்தில்தான் கல் உரசும், அங்கேதான் கடினம் வேண்டும். வெளிச் சுற்றளவு ஃபிரேமுக்குள் போல்ட் போட்டு மறைகிறது. துளைகளை வாட்டர்ஜெட்டிலும் வெளி ஓரத்தைப் பிளாஸ்மாவிலும் வெட்டுவதாக ரேட் போட்டேன். துளைகள் முடிந்த பிறகு தகட்டைப் பிளாஸ்மா டேபிளில் மறுபடியும் அலைன் பண்ணும் கூலி அதில் தனி வரியாக இருந்தது. அவர் அந்த வரியை அடித்துவிட்டு மீதிக்குச் சம்மதித்தார். இரண்டு துளையை ரெஃபரன்ஸாக வைத்து அலைன் பண்ணுகிற வேலைதான், ஆபரேட்டர் டீக்கு முன்னால் முடித்துவிடுவார். விட்டுக்கொடுத்தேன்.